மாதம் 9 யூரோ

சித்தி மகள் பெங்களூரிலிருந்து வாட்ஸப்பில் கேட்டிருந்தாள். அவள் கணவருக்கு மியூனிக்கில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூலையில் கிளம்புகிறார்கள், இரண்டு பிள்ளைகள். வாடகை, இன்ஷூரன்ஸ், பள்ளிக்கூடம் என்று ஒரு வாரமாகக் கேட்டுத் தீர்த்துவிட்டு, கடைசியில் இதைப் போட்டிருந்தாள்: "அக்கா, பசங்களுக்கு ஸ்போர்ட்ஸ் கிளாஸ்லாம் மாசம் எவ்ளோ ஆகும்? இங்க பேட்மின்டனுக்கு மட்டும் அஞ்சாயிரம் அழறோம்."

"9 யூரோ" என்று தட்டினேன். அனுப்பப் போன விரல் நின்றுவிட்டது. தகவல் சரிதான். என் மகளின் கால்பந்துச் சங்கத்துக்கு மாதம் 9 யூரோதான் கட்டுகிறோம். நம் பணத்துக்கு ஆயிரம் ரூபாய் கூட வராது. ரசீது கேட்டால் காட்ட முடியும். ஆனாலும் அதை அப்படியே அனுப்பினால் ஏதோ பொய் சொன்னதுபோல ஆகிவிடும் என்று பட்டது. அழித்துவிட்டு, "ராத்திரி விவரமா சொல்றேன்டி" என்று போட்டேன். அந்த ராத்திரி வந்து பதினொரு நாள் ஆகிறது. இந்தக் கட்டுரை அவளுக்கான பதில் இல்லை. பதில் ஏன் எழுத வரவில்லை என்பதைப் பற்றியது.

எக்செல் தாள்

நாங்கள் ஜெர்மனியில் இருக்கும் எர்லாங்கனுக்கு வந்தது 2022 ஆகஸ்டில். வருவதற்கு முன்னால் வேளச்சேரி வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து நானும் கணவரும் ஒரு எக்செல் தாள் போட்டோம். வெளிநாடு போகும் எல்லாரும் போடுவார்கள், சிலர் மறைத்துக்கொள்வார்கள். வாடகை, சூடேற்றும் செலவு, மளிகை, ஊருக்கு அனுப்புவது, வருடாந்திர டிக்கெட். அதில் "கிளாஸ்" என்று ஒரு வரி. சென்னையில் மகளுக்கு நீச்சல், பேட்மின்டன், மகனுக்குக் கீபோர்டு, செஸ் என்று மாதம் பதினாலாயிரம் போய்க்கொண்டிருந்தது. ஐரோப்பா என்றால் எல்லாமே இரண்டு மடங்கு இருக்கும் என்ற கணக்கில் 300 யூரோ என்று எழுதினேன். எழுதும்போதே வயிற்றைக் கலக்கியது. என் வேலையை விட்டுவிட்டு வருகிறோம், ஒரு சம்பளம்தான். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கிளாஸ் போதும் என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

சென்னையில் கிளாஸ் என்றால் எனக்கு ஒரு தெளிவான ஏற்பாடு. மாதம் பிறந்தால் ஜிபே. பிள்ளையை ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டால், ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டி வரவேண்டியது. நடுவில் காய்கறி வாங்கலாம். கோச் சாரின் வீடு எங்கே, அவருக்குப் பிள்ளைகள் எத்தனை என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கூட வரும் பிள்ளைகளின் அம்மாக்களை முகம் பார்த்துச் சிரிப்பேன். அவ்வளவுதான் உறவு. அதில் ஒரு குறையும் நான் கண்டதில்லை. இன்றும் காணவில்லை என்றே சொல்லலாம்.

இங்கே வந்ததும் முதலில் புரிந்தது, மகளின் பள்ளி மதியத்தோடு முடிந்துவிடுகிறது என்பது. சாப்பிட்டு முடித்தால் நீளமான ஒரு பிற்பகல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பள்ளியில் விளையாட்டு வகுப்பு உண்டு. ஆனால் ஒரு ஆட்டத்தை ஊன்றி ஆடுவது, அணியில் சேர்வது, ஊர் ஊராகப் போய்த் தோற்பது எல்லாம் பள்ளிக்கு வெளியே, ஃபெரைன் என்ற இடத்தில்தான். ஃபெரைன் என்றால் சங்கம். நம் ஊர் ரசிகர் மன்றம் மாதிரி, ஆனால் ஏழு பேர் கையெழுத்துப் போட்டு நீதிமன்றப் பதிவேட்டில் பதிந்துகொண்ட மன்றம். இந்த நாட்டில் விளையாட்டுச் சங்கங்கள் மட்டும் சுமார் 86,000. வீட்டிலிருந்து எந்தப் பக்கம் சைக்கிளை விட்டாலும் பத்து நிமிஷத்தில் ஒரு புல் மைதானம், ஓரத்தில் ஒரு சின்னக் கட்டடம், அதில் பீர் விளம்பரத்தோடு ஒரு பெயர்ப் பலகை. 2023 வசந்தத்தில் பத்து வயது மகளை அப்படி ஒன்றில் சேர்த்தோம். விண்ணப்பத்தில் "பிள்ளைகள்: மாதம் 9 யூரோ" என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, வாரத்துக்கா என்று கணவர் கேட்டார்.

வாரம் இரண்டு நாள், தலா ஒன்றரை மணி நேரப் பயிற்சி. சனிக்கிழமை ஆட்டம். ஜெர்சி சங்கத்துடையது. நாங்கள் வாங்கவேண்டியது பூட்ஸும் முழங்கால் கீழ்க் காப்பும். குளிர்காலத்தில் ஆட்டம் உள்ளரங்குக்குப் போய்விடும் என்பதால் தரையில் கறை பிடிக்காத அடிப்பாகமுள்ள வேறொரு ஜோடி. எட்டு மாதத்துக்கு ஒருமுறை கால் வளரும், பழைய ஜோடியை வேறொரு குழந்தைக்கு 8 யூரோவுக்கு விற்கலாம். எக்செலில் 300 யூரோ வரியை அழித்துவிட்டு அந்த இரவு நாங்கள் பீட்ஸா வாங்கிச் சாப்பிட்டோம்.

மலிவு எங்கிருந்து வந்தது

சந்தேகப்படவேண்டிய இடம் கண் முன்னாலேயே இருந்தது. அதே ஊரில் மகனுக்கு பியானோ விசாரித்தேன். வாரம் அரை மணி நேரத் தனி வகுப்பு, மாதம் 90 யூரோ பக்கத்தில் கேட்டார்கள். ஒரே தெருவில் அரை மணி நேர பியானோவுக்கு 90, வாரம் நாலரை மணி நேரக் கால்பந்துக்கு 9. இது எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மலிவாகக் கிடைக்கும்போது யார் கேட்பார்கள்?

பதில் பிற்பாடுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கியது. பியானோ ஆசிரியருக்கு அது பிழைப்பு. என் மகளின் பயிற்சியாளருக்குப் பிழைப்பு வேறு. பகலில் வீடுகளுக்கு ஹீட்டர் மாட்டும் வேலை செய்கிறார். அவர் மகளும் அதே அணியில் ஆடுகிறாள், அதனால் அவர் பயிற்சியாளர். இப்படிப் பயிற்சி தருபவர்களுக்குச் சங்கம் ஏதாவது கொடுத்தால் ஆண்டுக்கு 3,000 யூரோ வரை வரி இல்லை என்று 2021ல் அரசு வரம்பை உயர்த்தியிருந்தது. ஆனால் எங்கள் சங்கத்தில் அந்த வரம்பைத் தொட்டவர் எவரும் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்குப் பெட்ரோல் காசு வந்தால் பெரிது. காசாளர் ஓய்வுபெற்ற அம்மா ஒருவர், சம்பளமில்லை. உள்ளரங்கம் நகராட்சியுடையது. கோல் கம்பத்துக்கு வலை கட்டுவது, கோடு போடுவது, புல் வெட்டுவது, தண்ணீர்ப் பாட்டில் தூக்குவது எல்லாம் யாரோ ஒருவருடைய அப்பா அம்மா.

டல்லஸ் பக்கம் இருக்கும் என் அண்ணன் இதைக் கேட்டுச் சிரித்தான். அவன் மகனும் கால்பந்துதான். அங்கே கிளப் கட்டணம், சீருடை, போட்டிக்குப் போனால் ஹோட்டல் என்று தனித்தனியாக ரசீது. ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட் எடுத்த பெற்றோர் கணக்கெடுப்பின்படி 2024ல் ஓர் அமெரிக்கக் குடும்பம் ஒரு பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்கு மட்டும் சராசரியாக 1,016 டாலர் செலவழித்திருக்கிறது, ஐந்து வருஷத்தில் 46 சதவீதம் கூடுதல். அண்ணன் செலவழிப்பது அதற்கும் மேலே. "குடுத்துட்டு நிம்மதியா இருக்கேன்டி. கோச்சுக்குச் சம்பளம் நான் குடுக்கறேன், அவன் பாத்துக்கறான். என்னை யாரும் வந்து கோடு போடச் சொல்ல மாட்டாங்க" என்றான். அன்றைக்கு அவனைப் பார்த்துப் பாவமாக இருந்தது. ஆறு மாதம் கழித்து லேசாகப் பொறாமையாக இருந்தது.

ஃபிஃபாவுக்கு விளக்கம் சொன்ன கதை

நடுவில் இதைச் சொல்லாமல் போக முடியாது. மகளை ஆட்டங்களில் இறக்க ஒரு ஆட்டக்காரர் அட்டை வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அது சின்ன வேலை. பத்து வயது தாண்டிய வெளிநாட்டுப் பிள்ளை முதன்முதலாகப் பதிவு செய்கிறது என்றால், உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதி உள்ளே வந்துவிடுகிறது. சின்னப் பிள்ளைகளைக் கால்பந்துக்காக நாடு விட்டு நாடு கடத்துவதைத் தடுக்க எழுதிய விதி. நல்ல விதி. அதன்படி, பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகத்தான் நாடு மாறினார்கள் என்று காட்டவேண்டும்.

ஆகவே நான் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், முகவரிப் பதிவு, கணவரின் வேலை ஒப்பந்தம் எல்லாம் ஸ்கேன் செய்து அனுப்பினேன். பந்தை இன்னும் காலின் முன்பக்கத்தால் உதைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நாங்கள் ஜெர்மனிக்குக் கொண்டுவந்தது அவளுடைய கால்பந்து எதிர்காலத்துக்காக இல்லை, மருத்துவக் கருவிக்கு மென்பொருள் எழுதும் அப்பாவின் சம்பளத்துக்காகத்தான். மாமியாருக்குப் போனில் சொன்னபோது, "அதான் ஃபிஃபாக்காரனுக்கே தெரியுதே, உன் மகன் சம்பாதிக்கத்தான் போனான்னு" என்று என் மாமனார் பின்னாலிருந்து சொன்னது கேட்டது. அட்டை வர ஏழு வாரம் ஆனது. அதுவரை அவள் பயிற்சிக்கு மட்டும் போனாள். இதற்கெல்லாம் ஒரு பைசா கட்டணம் வாங்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

கேசரியும் பட்டியலும்

சேர்ந்த இரண்டாம் மாதம் கோடைப் போட்டி நடந்தது. கேக் பட்டியல் ஒன்று வாட்ஸப் குழுவில் வந்தது. யார் யார் என்ன கேக் கொண்டுவருகிறார்கள் என்று பெயர் போடவேண்டும். துண்டு ஒன்றரை யூரோவுக்கு விற்று அந்தப் பணத்தில் பந்து வாங்குவார்கள். நான் கேக் தட்டில் ரவா கேசரி கிளறிக்கொண்டு போனேன். முந்திரி, நெய், குங்குமப்பூ, எதிலும் குறையில்லை. மாலையில் முக்கால் தட்டு திரும்பி வந்தது. காசாளர் அம்மா மட்டும் மூன்று துண்டு வாங்கினார், அதில் ஒன்றைத்தான் சாப்பிட்டார், நான் பார்த்தேன். அடுத்த முறை கடையில் டாக்டர் ஓட்கர் கேக் மாவு பாக்கெட் வாங்கி மார்பிள் கேக் போட்டேன். அரை மணியில் தீர்ந்தது. இதில் மனம் நோக ஒன்றுமில்லை. பக்கத்து மேஜையில் சாசேஜ் வாங்க வந்தவன் கையில் கேசரியைக் கொடுத்தால் அவன்தான் என்ன செய்வான்.

கேக் எனக்குப் பிடிபட்டது, பட்டியல் பிடிபடவில்லை. குழுவில் வாராவாரம் ஒரு பட்டியல் வரும். விற்பனை மேஜையில் யார் நிற்பது, ஜெர்சி மூட்டையை இந்த வாரம் யார் வீட்டில் துவைப்பது, சனிக்கிழமை வெளியூர் ஆட்டத்துக்கு யார் வண்டி. இது தவிர ஒரு குடும்பத்துக்கு வருஷம் 10 மணி நேர உழைப்பு. செய்யாத மணிக்கு 12 யூரோ பிடித்துக்கொள்வார்கள். இந்தக் கடைசி விதியைப் படித்ததும் எனக்கு மகா நிம்மதி. 120 யூரோ, வருஷத்துக்கு. கட்டணத்தோடு சேர்த்தால் 228. அப்போதும் சென்னையை விட மலிவு! எனக்குப் புரிந்த பாஷையில் ஒரு வாசல் திறந்திருந்தது. அதில் நுழைந்துகொண்டேன். அந்த வருஷம் ஒரு மணி நேரம்கூடச் செய்யவில்லை. டிசம்பரில் வங்கிக் கணக்கிலிருந்து 120 யூரோ போனது. மின்கட்டணம் கட்டிய மாதிரி இருந்தது.

வண்டிப் பட்டியலை மட்டும் நான் பார்ப்பதே இல்லை. எங்களிடம் கார் இல்லை. இந்திய லைசென்ஸ் இங்கே குடிவந்த ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குள் கணவர் ஒன்றும் செய்யவில்லை. ஆபீசுக்கு சைக்கிள், நியூரம்பெர்குக்கு ரயில், எதற்குக் கார் என்றார். எனக்கோ ஸ்கூட்டி லைசென்ஸ் மட்டும். ஆக ஆட்ட நாளில் மகளைச் சைக்கிளில் மைதானத்து வண்டி நிறுத்தத்துக்குக் கூட்டிப்போவேன். அங்கே யாராவது ஏற்றிக்கொள்வார்கள். பன்னிரண்டு வயது ஆகும்வரை, அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை, பிள்ளைகள் காரில் உயர இருக்கை வைத்துத்தான் உட்காரவேண்டும் என்பது இங்கே சட்டம். அதனால் 20 யூரோவுக்கு அந்தச் சாம்பல் நிற இருக்கை ஒன்று வாங்கி வைத்திருந்தோம். கார் இல்லாத வீட்டில் கார் இருக்கை. ஒரு கையில் பூட்ஸ் பை, மறு கையில் அந்த இருக்கை, காலை எட்டேகால் மணிப் பனியில் நிற்பாள். கோவிலுக்கு வெளியே ஆசனத்தோடு நிற்கும் சாமி மாதிரி இருக்கிறாள் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

நடு சீட்

அக்டோபர் கடைசியில் மூன்று சனிக்கிழமை தொடர்ந்து அவளுக்கு வயிற்றுவலி. முதல் வாரம் ஓமத் தண்ணீர் கொடுத்தேன். இரண்டாம் வாரம் இஞ்சிச் சாறு. மூன்றாம் வாரம் ஃபோர்க்ஹைம் தாண்டி ஒரு கிராமத்தில் ஆட்டம். காலை ஏழு மணிக்குப் போர்வைக்குள்ளிருந்து, "வலிக்குதும்மா" என்றாள். பயிற்சியாளருக்குச் செய்தி அனுப்பினேன். பதினொரு மணிக்கு அவள் வத்தக்குழம்பும் அப்பளமும் கேட்டு இரண்டு தரம் சாப்பிட்டாள்.

நான் திட்டவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "ஃபுட்பால் பிடிக்கலைன்னா சொல்லிடு, நிறுத்திடலாம். 9 யூரோதானே" என்றேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். பணம் போனால் போகிறது என்பது.

"பிடிக்கும்" என்றாள். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உள்ளே போய்ப் பள்ளிப் பையிலிருந்து ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். தேதி, பக்கத்தில் வண்டி. பெயர்கள் எழுதவில்லை, நிறங்கள்தான். நீலம், சாம்பல், கோச், நீலம், சிவப்பு, கோச். கீழே கூட்டல். நீலம் 4, கோச் 3, சாம்பல் 3, சிவப்பு 1. மொத்தம் பதினொரு தடவை.

"ஒருத்தர் வண்டியிலேயே நிறைய தடவை போகக்கூடாதுல்ல. மாத்தி மாத்திப் போவேன். சிவப்பு வண்டில ஒரு தடவைதான் போனேன், அவங்க கொஞ்சம் ம்ம்ன்னாங்க. இப்ப நீலம்தான் வரும், அஞ்சு ஆயிடும்." கொஞ்சம் யோசித்து, "எப்பவும் நடு சீட்தான். பரவால்ல. ஆனா கோச் யாரு ஓட்றீங்கன்னு கேக்கும்போது எல்லா அம்மா அப்பாவும் கை தூக்குவாங்க. அப்ப நான் ஷூ லேஸ் கட்டுவேன்."

வேளச்சேரி டைனிங் டேபிளில் நான் போட்ட கணக்கில் எத்தனை வரிகள் இருந்தன என்று யோசித்தேன். நாற்பதுக்கு மேல். இந்தப் பதினொரு வரி அதில் இல்லை. அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எவரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதுமில்லை, அதை அழுத்திக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் 120 யூரோவில் தீர்த்துவிட்டதாக நினைத்த பாக்கியை, பத்து வயதில் அவள் தனியாக உட்கார்ந்து நிறவாரியாகப் பிரித்துப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கும் பாரமாகாமல் இருக்க அவளிடம் இருந்த ஒரே வழி, ஐந்தாவது முறை வரும்போது வயிற்றுவலி.

அப்போதும் என் புத்தி பணத்தைத் தாண்டிப் போகவில்லை. மறு வாரம் ஒரு கவரில் 20 யூரோ வைத்து நீல வண்டிக்கார அம்மாவிடம் பெட்ரோலுக்கு என்று நீட்டினேன். அவர் கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் ஏதோ தப்பான கதவைத் தட்டிவிட்ட மாதிரி. சங்கத்துக்குள் எல்லாரும் எல்லாரையும் நீ, வா, போதான். எழுபது வயதுக் காசாளரையும் நீ என்றுதான் சொல்லவேண்டும். எனக்கு இன்றும் நாக்கு புரள்வதில்லை. அவர் சிரித்துக்கொண்டே, "அட, என்ன இது. அடுத்த தடவை நீ ஓட்டு" என்றார். குத்தலே இல்லை. எனக்கு ஓட்டத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. வயது வந்த ஒருத்திக்குக் கார் ஓட்டத் தெரியாமல் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியே இருக்காது.

பக்கத்து நகரத்தில் ஈழத்துக்காரர்கள் நடத்தும் தமிழ்ப் பள்ளிக்கு மகனைக் கூட்டிப்போவேன். அங்கே பாடம் எடுக்கும் அன்ரியிடம் இதைப் புலம்பினேன். எண்பதுகளில் அகதியாக வந்தவர். வாரநாட்களில் வேலைக்குப் போய்விட்டு, வாரக்கடைசியில் சம்பளமில்லாமல் அ, ஆ சொல்லிக்கொடுப்பவர். "இங்க மட்டும் என்ன பிள்ளை? நீங்கள் ஃபீஸ் எவ்வளவு எண்டு கேட்டுக்கொண்டு வந்தனீங்கள். எங்களுக்குக் காசு பெரிய பிரச்சினை இல்லை. கதிரை அடுக்க ஆக்கள் இல்லை" என்றார். அந்தப் பள்ளிக்கும் நான் ஒன்றரை வருஷமாகப் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு நாற்காலி அடுக்கியதில்லை. வாசலில் விட்டு, வாசலில் கூட்டி வந்திருக்கிறேன். அதாவது, ஜெர்மன்காரர்களிடம் மட்டும் நான் அப்படி இல்லை.

3,400 யூரோ

2024 ஜனவரியில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கார் லைசென்ஸே இல்லாததால் மாற்றிக்கொள்ளும் சலுகையும் கிடையாது, பள்ளிப் பையன்களோடு உட்கார்ந்து முழுசாகப் படிக்கவேண்டும். தலா ஒன்றரை மணி நேரமாகப் 14 பாட வகுப்பு. முதலுதவிப் பயிற்சி. கண் பரிசோதனை. எழுத்துத் தேர்வு 30 கேள்வி. அதைப் பன்னிரண்டு வெளிநாட்டு மொழிகளில் எழுதலாம், தமிழ் இல்லை, ஆங்கிலத்தில் எழுதினேன். பிறகு ஓட்டுவது. கட்டாயமாக 12 சிறப்பு ஓட்டம்: கிராமச் சாலையில் ஐந்து, அதிவேகச் சாலையில் நாலு, இருட்டில் மூன்று. அதற்கு முன்னால் சாதாரண வகுப்புகள், எத்தனை என்பது உங்கள் திறமை. என் திறமைக்கு 31 ஆனது.

எழுத்துத் தேர்வில் ஒரு தப்புகூட இல்லை. ஓட்டுத் தேர்வில் முதல் தடவை பன்னிரண்டு நிமிஷத்தில் இறக்கிவிட்டார்கள். குடியிருப்புத் தெரு, முப்பது கிலோமீட்டர் வேகம், பலகை எதுவும் இல்லாத சந்திப்பு. வலது பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பது இங்கே உயிர் விதி. வேளச்சேரியில் இருபது வருஷம் ஸ்கூட்டி ஓட்டியவளுக்கு, சந்துக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பவன்தான் நிற்கவேண்டும். நான் போய்க்கொண்டே இருந்தேன். தேர்வாளர் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். ஜூலையில் இரண்டாம் முறை தேறினேன். எல்லாம் சேர்ந்து 3,400 யூரோ. பழைய போலோ கார் ஒன்று வாங்கியதை இதில் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் கணவர் இந்தக் கட்டுரையைப் படிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

இந்த 3,400ஐ எக்செலில் எந்த வரியில் எழுதுவது என்று எங்களுக்குள் ஒரு சண்டையே நடந்தது. அவர் "போக்குவரத்து" என்றார். நான் "கால்பந்து" என்றேன். அவள் ஆடாமல் இருந்திருந்தால் நான் இந்த ஜென்மத்தில் ஸ்டியரிங்கைத் தொட்டிருக்க மாட்டேன். அந்தக் கணக்கில் பார்த்தால் அண்ணனின் டெக்சஸ் ரசீதுகளும் என் 9 யூரோவும் அப்படியொன்றும் தூரத்தில் இல்லை.

இதைச் சொன்னால் இங்கே இருக்கும் நம் ஊர் நண்பர்களில் பாதிப் பேர், "பாத்தீங்களா, பணத்தை விட உறவுதான் முக்கியம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு உருக்கம் வரவில்லை. நேரமும் ஒரு கட்டணம்தான், ரசீது தராத கட்டணம். அது எல்லாரிடமும் ஒரே அளவு இல்லை. எங்கள் அணியில் ஒரு பெண், அம்மா தனியாக வளர்க்கிறார், சூப்பர் மார்க்கெட்டில் வேலை, சனிக்கிழமை காலை ஷிஃப்ட். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளின் சங்கக் கட்டணத்துக்கு என்று அரசு மாதம் 15 யூரோ தருகிறது. 9 போக மிச்சமே இருக்கும். ஆனால் அந்தப் 15 யூரோ சனிக்கிழமை எட்டேகாலுக்கு வண்டி ஓட்டாது, மேஜையில் நிற்காது, கேக் சுடாது. எது மலிவோ அதற்குத்தான் மானியம். அந்தப் பெண்ணும் ஒருவேளை ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறாளோ என்று நான் பார்ப்பதுண்டு. அவள் கட்டுவதில்லை. ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறாள். பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம்.

இன்னொன்று. அந்த வண்டி நிறுத்தத்தில் பெண்கள் அணிக்கு வரும் பத்துப் பேரில் ஏழு பேர் அம்மாக்கள், அவர்களில் பலர் அரை நாள் வேலைக்காரர்கள். 9 யூரோ என்ற விலையை அவர்களுடைய மீதி அரை நாள்தான் தாங்குகிறது. நானும் அதில் ஒருத்தி ஆகிவிட்டேன். வேலை தேடும்போது சனிக்கிழமை வேலை வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறேன், அது எந்த வரியில் வரும் என்று இன்னும் தெரியவில்லை. நியாயத்துக்குச் சொல்லவேண்டும், ஜெர்சி மூட்டை கணவருடையது. பால்கனியில் பதினாலு ஜெர்சியை எண் வரிசையில் காயப்போட்டுப் போட்டோ எடுத்து அனுப்புவார்.

முதல் முறை மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு நான் ஓட்டியது 2024 செப்டம்பர். மலைப்பாங்கான கிராமத்துச் சாலை, நூறில் போகலாம் என்று பலகை, நான் எழுபதில். பின்னால் டிராக்டரே ஹாரன் அடித்தது. கைரேகை ஸ்டியரிங்கில் ஈரமாக ஒட்டியிருந்தது. பின் சீட்டில் யாரோ ஒருத்தியின் கசங்கிய வாழைப்பழ வாசனை. ஆட்டத்தில் 6-1 என்று தோற்றார்கள். திரும்பும்போது மூவரும் சத்தமாகப் பாட்டுப் பாடினார்கள், எனக்குச் சாலை தெரியவில்லை என்று அதட்டினேன், ஜெர்மனில் அதட்ட வராமல் தமிழில் அதட்டினேன், அடங்கிவிட்டார்கள்.

அன்றிரவு அந்த நோட்டைத் தேடிப் பார்த்தேன், "நம்ம வண்டி 1" என்று எழுதியிருப்பாள் என்ற ஆசையில். கடைசிப் பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது. எதுக்குக் கிழிச்சே என்று கேட்டதற்குக் கணக்குப் பாடத்துக்குத் தாள் வேண்டியிருந்தது என்றாள்.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. சாம்பல் இருக்கை நிலவறையில் கிடக்கிறது.

சித்தி மகளுக்கு நேற்று ராத்திரிதான் பதில் அனுப்பினேன். "மாசம் 9 யூரோ. உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

உடனே வந்தது. "தெரியாதுக்கா. ஏன், அது ரொம்ப தூரமா?"

போன் போட்டேன்.